கடலை மிட்டாய்க்குள் பிளாஸ்டிக் துண்டு... மெட்டல் டிடெக்டரில் சிக்குமா?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு, விளைந்த தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுவருவது விவசாயிகளின் வழக்கம். அதில் கல், தூசி இருந்தால் முறமும் சல்லடையும் போதும். ஆனா, இதே வட்டாரத்து முந்திரியும் கடலையும் ஆலைக்குள் போய் பாக்கெட்டாகி வரும்போது நிலைமை வேற. அங்கே கரண்டி, பிரஷ், கன்வேயர் பெல்ட் எனப் பல சாமான்கள் பிளாஸ்டிக். அதில் ஒரு முனை உடைஞ்சு மிட்டாய்க்குள் விழுந்தா?

டிடெக்டர் ஏன் கோட்டை விடுகிறது?

மெட்டல் டிடெக்டருக்குள் மூன்று கம்பிச்சுருள்கள் இருக்கும். நடுச்சுருள் காந்தப்புலத்தை உருவாக்கும். மற்ற இரண்டும் அதைச் சமமாக வாங்கும். உலோகம் கடந்தால் அந்தச் சமநிலை குலையும், உடனே அலாரம் அடிக்கும். சாதாரண பிளாஸ்டிக் கடந்தால் எதுவுமே நடக்காது. எக்ஸ்ரே கருவியும் அடர்த்தியைத்தான் பார்க்கும். பிளாஸ்டிக்கின் அடர்த்தி உணவுக்குக் கிட்டத்தட்ட சமம் என்பதால் அதிலும் தப்பிவிடும்.

தீர்வு என்ன?

பிளாஸ்டிக்கை வார்க்கும்போதே இரும்பு ஆக்சைடு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூளைக் கலந்துவிடுகிறார்கள். உடைந்த துண்டை டிடெக்டர் உலோகமாகவே பார்க்கும். எக்ஸ்ரேயில் தெரிய பேரியம் சல்பேட் சேர்ப்பதும் உண்டு. இந்தச் சாமான்கள் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். நீல நிற உணவு அரிது. கண்ணுக்கும் சட்டென்று தெரியும். பேனா, கேபிள் டை, கேஸ்கெட் வரை இப்படிக் கிடைக்கின்றன.

அப்போ கவலை இல்லையா?

இருக்கு. துண்டு ரொம்பச் சின்னதா இருந்தா, உள்ளே இருக்கும் உலோகத் தூளும் கொஞ்சம்தான்; டிடெக்டர் விட்டுவிடும். ஈரமும் உப்பும் உள்ள உணவு தானே மின்சாரத்தைக் கடத்திக் கருவியைக் குழப்பும். வறுத்த முந்திரியில் சிக்கும் துண்டு ஊறுகாயில் தப்பலாம். அலுமினிய ஃபாயில் பாக்கெட்டில் அடைத்த பிறகு சோதிப்பதும் சிரமம். அதனால் கேட்டலாக்கை மட்டும் நம்பக் கூடாது. வாங்கிய சாமானில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, உங்க பொருளோடு உங்க மெஷினில் ஓட்டிப் பாருங்க. ஷிஃப்ட் முடியும்போது பிரஷ், கரண்டியை எண்ணி, முனை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

ஒரு துண்டு என்ன செய்யும்?

2016-ல் ஜெர்மனியில் ஒருவர் வாங்கிய ஸ்னிக்கர்ஸில் பிளாஸ்டிக் துண்டு இருந்தது. மார்ஸ் நிறுவனம் 55 நாடுகளில் சாக்லேட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சிறு ஆலை இப்படி ஒரு அடியைத் தாங்குமா? நம்ம ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 54-வது பிரிவின்படி, உணவில் அந்நியப் பொருள் இருந்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

உங்க பாக்கெட்டில் அப்படி ஏதாவது கிடைச்சா தூக்கிப் போட்டுடாதீங்க. துண்டு, கவர், பில் மூன்றையும் பத்திரப்படுத்தி, பேட்ச் எண்ணோடு உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்க. துண்டு எந்த மெஷினில் இருந்து வந்தது என்று தேட, அந்த எண்தான் முதல் துப்பு.