ஒரு லாம்ப்ரேக்கு 18 கிலோ மீன்

வட அமெரிக்கப் பேரேரிகளில் சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான் மூன்றிலும் சேர்த்து ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 6,800 டன் ஏரி ட்ரவுட் மீன் பிடிபட்டது. 1960களின் தொடக்கத்தில் அது சுமார் 136 டன். நூறு கிலோ கிடைத்த இடத்தில் இரண்டே கிலோ. அளவுமீறிய மீன்பிடிப்புக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், கணக்கின் பெரும்பகுதி கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணியின் பேரில்தான் எழுத வேண்டும். நம் பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடத்தில் தாடையற்றவற்றுக்கு எடுத்துக்காட்டாக வரும் பெட்ரோமைசான்தான் இது. விலாங்குபோல உடல், வட்டமான உறிஞ்சு வாய், அது நிறையப் பல். மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு, அரம்போன்ற நாக்கால் தோலைக் குடைந்து, ரத்தம் உறையாதபடி ஒரு சுரப்பையும் விட்டுக் குடிக்கும்.

நயாகரா அருவி இதை ஒண்டாரியோ ஏரியோடு நிறுத்தி வைத்திருந்தது. கப்பல் போக அருவியைச் சுற்றி வெட்டிய வெல்லண்ட் கால்வாய் வழிவிட்டது. 1921இல் ஈரி ஏரி, 1936இல் மிச்சிகன், 1938இல் சுப்பீரியர். பதினேழே ஆண்டுகள்.

மிச்சிகன் மாநில ஓடைகளில் 1940களின் பிற்பகுதியில் இதன் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் வெர்னான் ஆப்பிள்கேட். அந்த ஆய்வு 1950இல் அரசு அறிக்கையாக வெளிவந்தது. எத்தனை முட்டை, எந்த மாதத்தில் கூடு, குஞ்சு எங்கே தங்குகிறது, எப்போது ஏரிக்கு இறங்குகிறது என்று எண்ணி அளந்து எழுதிய வேலை. உடனே பலன் கேட்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஆய்வு வீண்செலவாகத் தெரியும். பேரேரிகளின் மொத்தச் செலவுக் கணக்கில் இதைவிட லாபம் தந்த முதலீடு வேறில்லை என்பேன்.

காரணம், அவர் கண்ட கணக்கு. பெண் லாம்ப்ரே ஒன்று இடுவது சராசரியாக 60,000 முட்டைக்கு மேல். ஆயிரத்தில் ஒன்று தப்பி வளர்ந்தாலே 60 லாம்ப்ரே. ஏரியில் அவை ஒட்டுண்ணியாகத் திரிவது ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான். அதற்குள் ஒவ்வொன்றும் 18 கிலோ வரை மீனைக் கொன்றுவிடும். அப்படியானால் ஒரே ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு டன் மீன் போகிறது. ஆனால் அதற்கு முன் குஞ்சுகள் கண் தெரியாத புழுப்போல ஓடைச் சேற்றுக்குள் புதைந்து, நீரை வடிகட்டித் தின்றபடி மூன்று ஆண்டுக்கு மேல், சில சமயம் ஏழு ஆண்டுக்கும் மேல் ஒரே இடத்தில் கிடக்கின்றன. ஏரியில் துரத்திப் பிடிக்க முடியாத எதிரி, ஓடையில் பல ஆண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுவும் எல்லா ஓடையிலும் அல்ல. பேரேரிகளில் வந்து சேரும் ஓடைகளும் ஆறுகளும் 5,700க்குக் குறையாது. லாம்ப்ரே இனம் பெருக்குபவை 400 சொச்சம்.

சேற்றிலுள்ள குஞ்சைக் கொன்று மற்ற மீனை விட்டுவைக்கும் மருந்து ஒன்று வேண்டியிருந்தது. ஹியூரான் ஏரிக்கரையில், கடலோரக் காவல் படை விட்டுப்போன பழைய உயிர்காப்பு நிலையத்தில் அமைந்த ஹாமண்ட் பே ஆய்வுக்கூடத்தில் ஆப்பிள்கேட்டும் உடன் பணியாற்றியவர்களும் தேடினார்கள். கண்ணாடி ஜாடியில் லாம்ப்ரே குஞ்சு, கூடவே ட்ரவுட்டும் புளூகில் மீனும். பத்து லட்சம் பங்கு நீருக்கு 5 பங்கு ரசாயனம். 24 மணி நேரம். எல்லாம் செத்தால் பயனில்லை. எதுவும் சாகாவிட்டாலும் பயனில்லை. குஞ்சு மட்டும் செத்து, மற்ற இரண்டும் நீந்திக்கொண்டிருக்கும் ஜாடிக்காகக் காத்திருந்தார்கள். 1957இல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 4,346 ரசாயனங்கள். கடைசியில் எண்ணிக்கை சுமார் 6,000. தேறியது டி.எஃப்.எம். என்ற நைட்ரோபீனால். 1958இல் ஓடைக்குள் இறங்கியது. மற்ற மீன்கள் இதைத் தம் உடலில் நஞ்சிழக்கச் செய்து வெளியேற்றிவிடும். லாம்ப்ரேக்கு அந்தத் திறன் மிகக் குறைவு.

இன்றும் அதே மருந்துதான். நீரின் காரத்தன்மை கூடினால் மருந்தும் கூடுதலாக வேண்டும் என்பதால், ஓடையின் வேதியியலை அளந்துதான் அளவைத் தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலும் 12 மணி நேரம் தொடர்ந்து விடுவார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதே ஓடைக்குத் திரும்ப வேண்டும். செலவுப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்த ஓடைகளுக்கே உரிய, தீங்கில்லாத லாம்ப்ரே இனங்களின் குஞ்சுகளும் இதில் சாகின்றன. ஸ்டர்ஜன் மீனின் குஞ்சுகளும் மட்பப்பி என்ற சலமாண்டரும் எளிதில் பாதிக்கப்படுபவை.

வரவுப் பக்கம்: லாம்ப்ரே உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்குக் கொன்றது சுமார் 46,000 டன் மீன், இப்போது 4,500 டன்னுக்கும் குறைவு. லாம்ப்ரே எண்ணிக்கை பெரும்பாலான இடங்களில் 90 விழுக்காடு குறைந்தது. பேரேரி மீன்வளத்தின் மதிப்பு ஆண்டுக்கு 510 கோடி டாலர் என்கிறது இரு நாட்டுப் பேரேரி மீன்வள ஆணையம். அதன் நிர்வாகச் செலவை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்கின்றன. லாம்ப்ரே ஒழிப்புச் செலவு மட்டும் அமெரிக்காவுக்கு 69, கனடாவுக்கு 31 விழுக்காடு. சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் ஏரி ட்ரவுட் முழுமையாக மீண்டுவிட்டதாக 2024இல் அறிவித்தார்கள்.

இந்தச் செலவை ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மையில் விடை கிடைத்தது. பெருந்தொற்றால் 2020இல் திட்டமிட்ட ஓடைகளில் கால்வாசிக்குத்தான் மருந்து விட முடிந்தது, 2021இல் முக்கால்வாசி. தப்பிய குஞ்சுகள் ஏரிக்கு இறங்கி, ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தின்று, முட்டையிட ஓடையேறியபோது பல ஏரிகளில் எண்ணிக்கை கூடியிருந்தது. விட்டுப்போன ஒவ்வொரு ஓடையின் விலையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதித்து வலையில் தெரிந்தது, ஆப்பிள்கேட் எழுதிவைத்த அதே கால அட்டவணைப்படி.