சென்சாரும் ஒரு தராசுதான்



மளிகைக் கடைக்காரருக்கு லாரி எஞ்சினைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். காரைக்கால் வணிகர்களுக்கு அந்தக் கவலை நிச்சயம் உண்டு. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக் கடல் என்று அமைந்த சிறு பகுதி நம்முடையது. விருதுநகர் பருப்பும், நாசிக் வெங்காயமும், சேலத்து ஜவ்வரிசியும் லாரி ஏறித்தான் நம் குடோனுக்கு வருகின்றன. லாரி வழியில் நின்றால் நம் கடையில் வியாபாரம் நிற்கிறது. லாரிகள் நிற்பதற்கு இப்போது ஒரு புதிய காரணம் அடிக்கடி காதில் விழுகிறது: "பிரஷர் சென்சார் போய்விட்டது." சொந்த லாரி வைத்திருப்பவர்களும், வாடகை லாரியில் சரக்கு எடுப்பவர்களும் இதன் விவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

அன்றும் இன்றும்

நம் இளமையில் லாரி என்றால் மைக்கோ பம்ப். பம்ப் தள்ளும் டீசல் நேராக நாசிலுக்குப் போகும். கோளாறு வந்தால் மெக்கானிக் காதை வைத்துக் கேட்பார். புகையின் நிறத்தைப் பார்ப்பார். எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1995-இல் ஜப்பானின் ஹினோ லாரியில் காமன் ரயில் என்ற முறை வந்தது. நம் நாட்டில் 1-4-2020 முதல் பி.எஸ். 6 விதி கட்டாயமான பிறகு, புதிய கனரக டீசல் லாரிகள் அநேகமாக எல்லாமே இந்த முறைக்கு வந்துவிட்டன. இதில் பம்ப், டீசலை ரயில் என்னும் தடித்த இரும்புக் குழாயில் அழுத்தி நிரப்புகிறது. அங்கிருந்து எந்த நொடியில் எவ்வளவு டீசல் எஞ்சினுக்குள் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது.

ரயிலில் உள்ள அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் போகும். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு. இதை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிறு கருவிதான் ரயில் பிரஷர் சென்சார். இதற்கு மூன்று கம்பிகள் உண்டு. ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சேதி சொல்லும் கம்பி. அழுத்தம் இல்லாதபோது சேதிக் கம்பியில் சுமார் அரை வோல்ட் இருக்கும். அழுத்தம் ஏற ஏற அது 4½ வோல்ட் வரை உயரும்.

வணிகர் பாஷையில் சொன்னால் டீசல் சரக்கு, சென்சார் தராசு, கம்ப்யூட்டர் கணக்குப்பிள்ளை. தராசில் எடை குறைவாகக் காட்டினால் நாம் என்ன செய்கிறோம்? சரக்கு குறைவா, தராசு தப்பா என்று பார்க்கிறோம். பார்க்காமல் புதுத் தராசு வாங்க ஓடுவதில்லை. லாரி விஷயத்தில் மட்டும் விளக்கு எரிந்தவுடன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள்.

எண் சொல்லும் சேதி

எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி இழுவை குறைந்தால், கம்ப்யூட்டர் ஓர் எண்ணையும் குறித்து வைத்திருக்கும். சில வண்டிகளில் டேஷ்போர்டிலேயே தெரியும். மற்றவற்றில் ஸ்கேனர் வைத்துப் படிக்க வேண்டும். கனரக வண்டிகளில் ரயில் அழுத்தத்துக்கு உரிய எண் எஸ்.பி.என். 157. அதை அடுத்து எஃப்.எம்.ஐ. என்று இன்னோர் எண் வரும். சூட்சுமம் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது.

அது 3 என்றால் மின்சாரம் அளவுக்கு மேல். 4 என்றால் அளவுக்குக் கீழ். இரண்டும் கம்பி, கப்ளர் அல்லது சென்சாரின் கோளாறு. 2 என்றால் சேதி விட்டு விட்டு வருகிறது. ஆடும் கம்பியைத் தேட வேண்டும். 0 என்றால் அழுத்தமே அளவு மீறியது. 1 அல்லது 18 என்றால் அழுத்தமே குறைவு. இங்கே தராசு பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது. டீசல் வரும் பாதையைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் எண் வேறு விதமாக வரும். பி 0192, பி 0193 என்றால் மின்சாரக் கோளாறு. பி 0087 என்றால் அழுத்தக் குறைவு. பி 0088 என்றால் அழுத்த மிகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையில் நம் வெங்காய லோடு ஒன்று வழியில் இப்படி மாட்டியது. வண்டி நாற்பதுக்கு மேல் ஓடவில்லை. வழியில் ஒரு பட்டறையில் எண்ணைப் படிக்காமலே சென்சாரை மாற்றி அனுப்பினார்கள். சிறிது தூரத்தில் மறுபடியும் விளக்கு எரிந்தது. அடுத்த ஊரில் ஒரு எலக்ட்ரீஷியன் முதலில் எண்ணைப் படித்தார். 157, 3 என்று வந்தது. கப்ளரைக் கழற்றினார், எர்த் காலில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதைப் புதுப்பித்து, கம்பியை உலர வைத்துப் பூட்டியதும் விளக்கு அணைந்தது. அவர் கேட்ட கூலி, முதல் பட்டறையின் சென்சார் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஆனால் சரக்கு இரண்டு நாள் தாமதம். தார்ப்பாய்க்குள் வெந்த மூட்டைகளைக் கொட்டிப் பொறுக்கி, பாதி விலைக்குத் தள்ளினோம்.

வரிசையாகச் சோதியுங்கள்

முதலில் வெறும் தட்டுச் சோதனை. சரக்கு வைக்காத தராசு பூஜ்யம் காட்ட வேண்டும் அல்லவா? நெடுநேரம் நின்ற வண்டியில் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் ரயில் அழுத்தத்தைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நின்ற எஞ்சினில் 200, 300 பார் என்று காட்டினால் சென்சாரோ அதன் கம்பியோ பொய் சொல்கிறது.

இரண்டாவது, கப்ளரைக் கழற்றி, களிம்பு, ஈரம், வளைந்த கால் இருக்கிறதா என்று பார்த்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். வராவிட்டால் சென்சார் குற்றவாளி அல்ல. அதே 5 வோல்ட் கம்பியைப் பங்கு போட்டுக்கொள்ளும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆனாலும் இப்படி ஆகும்.

மூன்றாவது, எஞ்சினை ஓடவிட்டு வயரிங் கட்டை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அசைக்கும்போது அளவு துள்ளினால் எங்கோ உரசி அறுந்த கம்பி இருக்கிறது. இம்மூன்றும் சரியாக இருந்து, அளவு மட்டும் தப்பாக இருந்தால்தான் சென்சாரை மாற்றலாம்.

அழுத்தம் மெய்யாகவே குறைவு என்றால் வரிசை வேறு. டீசல் ஃபில்டர், தண்ணீர் பிரிப்பான், உறிஞ்சும் குழாயில் காற்று, ஃபீட் பம்ப், அதன் பிறகு இஞ்செக்டரிலிருந்து திரும்பி வழியும் டீசலின் அளவு. விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதை நோக்கிப் போக வேண்டும்.

நம் ஊரின் குணம்

காரைக்காலில் இந்தக் கோளாறுக்குத் தோதான காரணங்கள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. மற்றொன்று கார்த்திகை வரை விடாத மழை. மூன்றாவது, ஆயுத பூஜைக்கு முன் பிரஷர் பம்ப் வைத்து எஞ்சினைக் கழுவும் பழக்கம். அந்தத் தண்ணீர் கப்ளருக்குள் புகுந்து, மழை தொடங்கும்போது களிம்பாக வெளிப்படும்.

நான்காவது டீசல். தமிழ்நாட்டைவிட இங்கே வரி குறைவு என்பதால் பேரலிலும் கேனிலும் வாங்கி வைப்பவர்கள் உண்டு. பேரலில் வியர்க்கும் தண்ணீரும் துருவும் டேங்கில் போய்ச் சேரும். பழைய பம்ப் ஓரளவு பொறுத்துக்கொண்டது. இன்றைய பம்பும் இஞ்செக்டரும் பொறுக்கா. மலிவு டீசலில் மிச்சம் பிடித்த காசு ஒரே ஃபில்டர் அடைப்பில் போய்விடும்.

உயிருக்கு ஆபத்து

இதை மட்டும் எல்லா டிரைவர்களுக்கும் சொல்லி வையுங்கள். பழைய லாரியில் எஞ்சின் ஓடும்போதே நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் முள் குத்தியதுபோலத்தான் தெரியும். உள்ளே சதை அழுகும். விரலையோ கையையோ இழந்தவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று காத்திராமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டீசல் பாய்ந்து குத்தியது என்று டாக்டரிடம் சொல்லவும் வேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அட்டையை நீட்டிப் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, அந்த வண்டியின் கம்பெனி புத்தகம் சொல்லும் நேரம் கழிந்து அழுத்தம் இறங்கிய பிறகே குழாயைத் தொட வேண்டும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

டிரைவரிடமிருந்து போன் வந்தால், "என்ன தம்பி ஆச்சு?" என்பதோடு நிறுத்தாமல், "எண் என்ன காட்டுது?" என்று கேளுங்கள். போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டறைக்காரரிடம் வெறும் தட்டு அளவையும் 5 வோல்ட் அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பிரிப்பானை நாள்தோறும் திறந்து வடிக்க வேண்டும். மழைக் காலத்தில் இது இன்னும் அவசியம். ஃபில்டரைக் கணக்குப் பார்க்காமல் உரிய கிலோமீட்டரில் மாற்றுங்கள். எஞ்சினைக் கழுவும்போது கப்ளர்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அழுகும் சரக்குக்கு ஒரு நாள் கூடுதலாகக் கணக்கு வைத்து ஆர்டர் போடுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து பார்க்காமல் பருப்பு வாங்காத நாம், அளந்து பார்க்காமல் சென்சாரும் வாங்க வேண்டாம்.