இல்லாத பித்தப்பையும் பொல்லாத மாத்திரையும்

‘பித்தப்பையை எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வயிற்றுக் கோளாறுக்காக டாக்டரைப் பார்த்தோம். ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லி, பித்தப்பை இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது என்றார். இருக்கிற உறுப்பை மருந்து கெடுக்கும் என்றால் புரிகிறது. இல்லாத உறுப்பை எப்படிக் கெடுக்கும்?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. நியாயமான கேள்வி. அடி விழுவது கணையத்தில்.

அந்த மாத்திரை எலக்ஸடோலின். விபெர்சி என்ற பெயரில் 2015 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோயில், பேதி மேலோங்கும் வகைக்கானது. புதிய வழியில் வேலை செய்யும் மருந்து என்ற ஆரவாரத்தோடு வந்தது. ஆரவாரத்தை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்ப்போம். 2016-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான இரண்டு சோதனைகளில், 12 வாரங்களில் வலி, பேதி இரண்டிலும் தேறியவர்கள் 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் முறையே 25, 30 சதவீதம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விழுங்கியவர்களில் 17, 16 சதவீதம். நூறு பேர் சாப்பிட்டால் மருந்தின் புண்ணியத்தில் கூடுதலாகத் தேறுகிறவர்கள் எட்டிலிருந்து பதின்மூன்று பேர். தள்ளிவிட முடியாத பலன்தான். தண்டோரா போடும் அளவுக்கு இல்லை.

இது ஓபியாய்டு குடும்பத்துப் பிள்ளை. மார்ஃபின் கொடுத்தால் மலம் கட்டிக்கொள்ளும் என்பது நர்ஸ்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். பேதிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் லோபரமைடும் அதே வழியில்தான் குடலை மந்தமாக்குகிறது. எலக்ஸடோலின், குடல் நரம்புகளிலுள்ள மியூ ஏற்பியைத் தூண்டுகிறது, டெல்டா ஏற்பியை அடைக்கிறது. ரத்தத்தில் மிகச் சொற்பமே கலப்பதால் குடலோடு நின்றுவிடும் என்பது இதன் பெருமை. சரி, குடலோடே நிற்கட்டும். அந்தக் குடல் சுவரிலேயே ஒரு வால்வு உட்கார்ந்திருக்கிறதே!

முன்சிறுகுடலின் உள்சுவரில் சின்னதாக ஒரு மேடு உண்டு. அதன் நுனித் துளை வழியாகத்தான் கல்லீரலின் பித்தநீரும் கணையநீரும் குடலுக்குள் இறங்குகின்றன. துளையைச் சுற்றி இருக்கும் வளையத் தசைக்கு ஓடி சுருக்குத்தசை என்று பெயர்.

இதை ஓர் அடுக்குமாடி வீட்டில் வைத்துப் பாருங்கள். கல்லீரல் என்பது ஸ்விட்சே இல்லாத மோட்டார். ராத்திரி பகல் பார்க்காமல் நாளுக்கு அரை லிட்டருக்கும் மேல் பித்தநீரை இறைக்கிறது. கீழே உள்ள கேட் வால்வுதான் ஓடி தசை. நாம் சாப்பிடாத நேரத்தில் அது மூடியிருக்கும். மோட்டாரோ நிற்பதில்லை. அந்த நீர் எங்கே போகும்? பக்கவாட்டுக் குழாயில் ஏறி மாடித் தொட்டிக்குப் போகும். பித்தப்பை அந்தத் தொட்டி. கொள்ளளவு 30 முதல் 50 மில்லிதான். அரை லிட்டர் எங்கே, 50 மில்லி எங்கே என்பீர்கள். வந்த நீரில் பெரும்பகுதியைச் சுவர் வழியாக உறிஞ்சி வெளியே அனுப்பிவிட்டு, கெட்டிச் சாரத்தை மட்டும் வைத்துக்கொள்கிற தொட்டி இது. இப்படியொன்று ஹார்டுவேர் கடையில் கிடைத்தால் சென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் வரிசையில் நிற்கும்.

சாப்பாடு, அதிலும் எண்ணெய்ப் பலகாரம், முன்சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்புகிறது. ஹார்மோன் ஒன்று, உத்தரவு இரண்டு: தொட்டியே, பிழி, வால்வே, தளர். இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் குழாயில் அழுத்தம் எகிறுவதில்லை. உடம்புக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

பிளம்பர் செய்த இன்னொரு வேலையையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழாயை, வால்வுக்குச் சற்று முன்னால் இதே லைனில் இணைத்து வைத்திருக்கிறார். பக்கத்து வீடு கணையம். அங்கிருந்து வருவது புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள். குடலுக்குள் போன பிறகுதான் அவை வேலையைத் தொடங்க வேண்டும். வால்வு இறுகிவிட்டால் இரண்டு வீட்டு நீரும் தேங்கும். மாடியில் தொட்டி இருந்தால் ஏறுகிற அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளும். தொட்டியைக் கழற்றிக் குழாய்க்கு மூடி போட்ட வீட்டில் அந்த வசதி கிடையாது. போக வழியில்லாத நொதிகள் சொந்த வீட்டையே அரிக்கத் தொடங்குகின்றன. கணைய அழற்சி இதுதான். சங்கக் கூட்டம் போட்டுத் தீர்க்கிற தகராறு அல்ல, ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய தகராறு.

ஓபியாய்டுகள் இந்த வால்வை இறுக்குகின்றன. மார்ஃபினுக்கு இந்தக் குணம் உண்டென்பது டாக்டர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். பித்தப்பை எடுத்தவர்கள், அதே குடும்பத்துக் கோடீன் கலந்த மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு மேல்வயிற்றில் கடும் வலி வந்து துடித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. இத்தாலியின் ருஜெரோ ஓடி 1887-இல், மாணவராக இருந்தபோதே, இந்தத் தசையை விவரித்தார். பித்தப்பை நீக்கிய நாய்களில் பித்தக்குழாய் அகன்றுபோவதையும் கவனித்தார். 1654-இலேயே ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் கிளிசன் இந்தத் தசையைக் குறிப்பிட்டிருந்தாலும் பெயர் ஓடிக்குத்தான் போனது. ஜெனோவா பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் துறைத் தலைவரானவர், போதைப் பழக்கத்தாலும் கணக்கு வழக்குக் குளறுபடியாலும் பதவியை இழந்தார். சரித்திரம் போதும்.

என்னை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். ஒப்புதலுக்கு முந்தைய சோதனைகளில் எலக்ஸடோலின் சாப்பிட்டவர்கள் 1,839 பேர். வால்வு இறுகிய பாதிப்பு வந்தது 10 பேருக்கு. சுமார் 184 பேரில் ஒருவர் என்பதால் ‘அரிது’ என்று எழுதிவிட்டுப் போகலாம். பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. பித்தப்பை உள்ள 1,490 பேரில் ஒருவருக்குக்கூட அது வரவில்லை. பத்தும் பித்தப்பை இல்லாத 349 பேருக்குள் வந்தவை. அவர்களிலும் 100 மில்லிகிராம் எடுத்த 184 பேரில் எட்டுப் பேருக்கு, அதாவது 23 பேரில் ஒருவருக்கு. சராசரி என்ற போர்வையை இழுத்துப் போர்த்தினால் இந்த 23 மறைந்துபோகிறது.

சோதனையில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பித்தப்பை இல்லை என்பதையும் கவனியுங்கள். ஐபிஎஸ் உள்ளவர்களிடையே பித்தப்பை அறுவை மற்றவர்களைவிட அதிகம். வயிற்று வலிக்குப் பித்தப்பைமேல் பழி போட்டு எடுத்திருப்பார்கள், வலி மட்டும் போயிருக்காது. போதாததற்கு, பித்தப்பை போன பின் பித்தநீர் பெருங்குடல்வரை இறங்கிப் பேதியாக்குவதும் உண்டு. வெளியே பார்க்க அதுவும் ஐபிஎஸ் போலவே இருக்கும். யாருக்கு ஆகாதோ அவர்களே இந்த மருந்தின் வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள்.

2015-இல் இதற்குச் செய்த பரிகாரம், பித்தப்பை இல்லாதவர்களுக்கு அளவை 75 மில்லிகிராமாகக் குறைத்தது. 2017 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு பிப்ரவரிவரை வந்த, கடுமையான கணைய அழற்சி அல்லது மரணம் பற்றிய புகார்கள் 120. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 76 பேர். இறந்த இருவருக்குமே பித்தப்பை இல்லை. பித்தப்பை உண்டா இல்லையா என்ற விவரம் 68 பேருக்கு மட்டுமே கிடைத்தது. அதில் இல்லாதவர்கள் 56 பேர். சிலருக்கு ஒன்றிரண்டு மாத்திரையிலேயே தொல்லை தொடங்கியிருக்கிறது. பித்தப்பை இல்லாதவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது என்ற விதி அப்போதுதான் வந்தது. கணைய அழற்சி வந்தவர்களுக்கும், தினமும் மூன்று கிளாஸுக்கு மேல் மது குடிப்பவர்களுக்கும் ஏற்கெனவே தடை இருந்தது.

உயிரைப் பறிக்காத நோய்க்கு உயிருக்கு உலை வைக்கும் மருந்து எதற்கு என்று கேட்கலாம். அலோசெட்ரான் கதை அந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாக விடாது. அதுவும் ஐபிஎஸ் மருந்துதான். 2000 பிப்ரவரியில் வந்தது. பெருங்குடலுக்கு ரத்தம் குறைந்து ஏற்படும் அழற்சியாலும் கடும் மலச்சிக்கலாலும் அதே நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகளே வேண்டும் வேண்டும் என்று கேட்டதால் 2002-இல் கடும் கட்டுப்பாடுகளோடு மறுபடி வந்தது. கழிவறை எங்கே என்று தெரியாமல் பஸ் ஏறத் துணியாதவர்களின் அவஸ்தையை மற்றவர்கள் எடை போட முடியாது. ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யலாம். அதற்கு அவர்களுடைய எண் தெரிய வேண்டும், ஊர் சராசரி போதாது.

ஆகவே ‘அரிதான பக்கவிளைவு’ என்று யார் சொன்னாலும் ‘யாருக்கு அரிது?’ என்று கேளுங்கள். பித்தப்பை எடுத்து இருபது வருடம் ஆகியிருந்தாலும், மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இந்த வகை மருந்து சாப்பிடும்போது மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கோ தோளுக்கோ பரவும் வலியும் வாந்தியும் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது.