செஞ்சிப் பிள்ளைகளின் ஊது வாத்தியம்

செஞ்சி என்றதும் ராஜா தேசிங்கின் குதிரைக் குளம்பொலியே நேயர்களின் செவியில் கேட்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளின் அடியில் வாழும் எங்களுக்கோ, சில மாதங்களாக மாலை வேளையில் வேறோர் ஒலி பழக்கமாகியிருக்கிறது. பள்ளி மாணாக்கர் ஊதும் கிளாரினெட், ட்ரம்பெட் முதலியவற்றின் ஒலிதான் அது. ஆரம்பத்தில் அதைச் சங்கீதம் என்று சொல்ல எனக்கே துணிவு வரவில்லை!

அணிவகுப்பு மெட்டோடு நின்றுவிடாமல் இவர்களுக்கு உயர்ந்த சங்கீதம் ஏதேனும் கொடுக்க விரும்பி, மொஸார்ட் 1787-ஆம் ஆண்டில் இயற்றிய ‘சிறிய இரவு இசை’யை எடுத்துக்கொண்டேன். முற்றிலும் வில் வாத்தியங்களுக்கென்றே எழுதப்பட்டது அது. முதல் பிடிலுக்குரியதை அப்படியே கிளாரினெட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வரி முடிவதற்குள் பிள்ளைகளின் முகங்கள் சிவந்துவிட்டன. வில்லுக்கு மூச்சு வேண்டியதில்லை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டும் என்பது, சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற ஆசிரியனுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சுருதியும் ஒரு சிக்கல். கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் காகிதத்தில் ‘ஸி’ என்றிருப்பதை ஊதினால், கேட்பவர் காதில் விழுவது ‘பி பிளாட்’. ஆகையால் ‘ஜி’யில் இருந்த மூலத்தைப் ‘பி பிளாட்’டுக்கு மாற்றினேன். அவ்விரு வாத்தியங்களுக்கும் ஏடு சுலபமாயிற்று.

அப்படியும் முதல் அடியிலேயே தடங்கல். அவ்வடி ஷட்ஜம், பஞ்சமம், காந்தாரம் ஆகியவற்றிலேயே தாவித் தாவிச் செல்கிறது. கிளாரினெட்டில் அந்தப் பஞ்சமத்துக்கு ஒரு துளையையும் மூட வேண்டாம். அடுத்த ஷட்ஜத்துக்கோ ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மூட வேண்டும். பிஞ்சு விரல்கள் என்ன செய்யும்? ட்ரம்பெட்டிலோ ஒரு விசையையும் அமுக்காமல், உதட்டின் இறுக்கத்தாலேயே மூன்று ஸ்வரங்களும் பிறக்கின்றன! அடியை ட்ரம்பெட்டுக்கு மாற்றினேன். கீழே பிடில்கள் வில்லை நடுங்கவிட்டு வாசிப்பதை நீண்ட ஸ்வரங்களாக்கி, கிளாரினெட்டுக்காரர்களை இரு பிரிவாக்கி, மாறி மாறி மூச்சு வாங்கச் செய்தேன்.

ஊர்ப் பெரியவர் ஒருவர், “வாத்தியார் ஐயா, நம் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முத்துஸ்வாமி தீக்ஷிதர் (1775–1835) மேனாட்டு மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்து, நோட்டு ஸ்வரங்களாக நமக்கு அளித்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் தம்பி பாலுஸ்வாமி பிடிலையே நம்முடையதாக்கியவர்களில் முதன்மையானவர். சங்கராபரண ஸ்வரங்களில் கமகமின்றிச் செல்லும் நோட்டு ஸ்வரங்கள், பாண்டு வாத்தியத்துக்கு வெகு பொருத்தம்; அடுத்தபடி ‘சக்தி ஸஹித கணபதிம்’ எழுதப்போகிறேன். கமகம் நிறைந்த கீர்த்தனங்களை மட்டும் ட்ரம்பெட்டில் இறக்க மாட்டேன். அவை நாயனத்துக்கே உரியவை.

மூலத்தை மாற்றுவது அபசாரமென்று சிலர் கருதுவர். மொஸார்ட்டே 1782-ஆம் ஆண்டு ஜூலையில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தம் இசை நாடகத்தை ஊது வாத்தியங்களுக்கு அவசரமாக மாற்றி வருவதாகவும், தவறினால் வேறொருவர் முந்திக்கொண்டு லாபமடைவார் என்றும் சொல்லியிருக்கிறார். செஞ்சியில் எனக்கு அத்தகைய போட்டி கிடையாது.

கேள்வி கேட்ட பெரியவரின் பேத்தி இப்போது இரண்டாவது கிளாரினெட். மூச்சு வாங்குமிடங்களுக்குச் சிவப்பு மையில் குறியிட்டுத் தரும்படி கேட்டிருக்கிறாள். அவளுடைய ஏடு என் மேஜைமேல் இருக்கிறது. நாளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும்.