கடுக்காயின் துவர்ப்பும் கிருமியின் சுவரும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதன் வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன், அறுவை செய்பவர், இருப்பில் வைத்த மருந்துகள் என்று வரிசையாகச் சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இவ்வளவு பொறுப்பாக ஒரு மருத்துவமனை நடந்திருக்கிறது! அந்த மருந்துப் பட்டியலில் கடுக்காய் திரும்பத் திரும்ப வருகிறது.

கடுக்காய் ஏன் துவர்க்கிறது? தாவர செல்லுக்குள் நுண்குமிழ் என்ற பெரிய பை இருக்கும். துவர்ப்புச் சத்தைச் செடி அதில்தான் பூட்டி வைக்கிறது. தேயிலையிலும் அப்படியே. கொழுந்தை உருட்டிக் கசக்கும்போது பை கிழிந்து, சாறு செல்லின் நொதியோடு கலந்து, காற்றுப் பட்டுக் கறுக்கிறது. நாம் குடிக்கும் டீயின் நிறம் அப்படி வந்ததுதான். இலை செல்லில் உணவு சமைக்கப் பசுங்கணிகமும், விறைப்பாக நிற்க செல்லுலோஸ் சுவரும் உண்டு.

நம் செல்லில் இவை இல்லை. உட்கருவும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் செடிக்கு இருப்பதுபோல நமக்கும் உண்டு. ஆனால் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வுதான். அதனால்தான் வெள்ளையணு தன் உருவத்தை நெளித்து, ரத்தக் குழாயின் இடுக்கு வழியே புண் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறது.

பாக்டீரியா இன்னும் எளிய உயிர். உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. மரபுப் பொருள் உள்ளே சுருண்டு கிடக்கும். ஆனால் பெரும்பாலானவற்றுக்குச் சுவர் உண்டு. அது செடியின் சுவரல்ல, வேறு பொருளால் ஆனது. பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக் இந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது, பாக்டீரியா உப்பி வெடிக்கிறது. நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் அதற்குச் சேதமில்லை. செல் என்ற ஒன்றை ராபர்ட் ஹூக் பார்த்துச் சொன்னதே 1665இல்தான். ஆதுலர்சாலை வைத்தியருக்கு இதைக் காண வழியே இருந்திருக்காது.

சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அது செல்லே அல்ல. இடிக்கச் சுவரும் இல்லை. ஆகவே சளி பிடித்தால் மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள்.