கிணற்று நீரும் பயிர்த் தெரிவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கிணற்று நீரே தோட்டப் பயிருக்கு ஆதாரம். 8 பரப்புத் தோட்டமும் ஒரு கிணறும் உடைய கமக்காரர் வெங்காயத்துக்கு விடும் ஒவ்வோர் இறைப்பும் மிளகாய்க்குக் கிடையாத இறைப்பாகும். கைவிட்ட மிளகாயின் தேறிய வருவாயும் வெங்காயத்தின் செலவேயாகும். விதை, எரு, கூலியுடன் அதனையும் கணக்கிடுதல் வேண்டும்.

செம்மண் தோட்டத்தில் வெங்காயம் சிறக்கும்; நெல்லுக்கு வன்னிக் குளங்களின் கீழுள்ள வயல்கள் ஏற்றவை. அவரவர் நிலத்துக்கு உகந்ததை விளைவித்து மாற்றிக்கொள்ளின் இருசாராரும் நன்மையடைவர்.

ஆயினும் வெங்காயத்தையும் மிளகாயையுமே முற்றாக நம்புதல் ஆகாது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் இரண்டும் நல்விலை பெற்றன. 1977க்குப் பின் இறக்குமதி தளர்த்தப்பட, அவ்விலை நிலைக்கவில்லை. ஆதலின் நடுகைக்கு முன் ஒவ்வொரு பயிரின் வருவாயையும் ஒப்பிடுக. ஒரு பகுதியில் மரக்கறியேனும் வாழையேனும் நடுக.