அட்வைஸில் ‘ஐஸ்’ எப்போது வைக்கலாம்? மெயில் எழுதும் எல்லோருக்கும் சின்ன டிப்ஸ்!

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஒரு கட்டுரையை எந்தப் பகுதியில் பதிவேற்றுவது என்று எனக்குக் குழப்பம். டெஸ்க்கில் உள்ள எல்லோரும் இருக்கும் குழு மெயிலில் சந்தேகத்தைக் கேட்டுவிட்டு, கடைசியில் பணிவாக ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று முடித்தேன். ஐந்தே நிமிடத்தில் சீனியர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. பகுதியின் பெயரைச் சொல்லிவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “இந்த இடத்துல அட்வைஸுக்கு எஸ் வரும் தம்பி, சி இல்லை.”

அதில் கிண்டல் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். அடுத்த இரண்டு மாதம், பக்கத்து சீட் நண்பரிடம் காட்டாமல் ஒரு மெயிலைக்கூட அனுப்பவில்லை. மெயிலில் கேட்க வேண்டியதை எல்லாம் நேரில் போய்க் கேட்டேன். ஓர் எழுத்து மாறியதற்கா இத்தனை பயம் என்று இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால், ‘சென்ட்’ பட்டனை அழுத்துவதற்கு முன் மூன்று முறை படித்துப் பார்த்து, அப்போதும் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு அந்தப் பயம் என்னவென்று தெரியும்.

அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று புரிந்த அன்று என் பயம் போனது. காரணம் என் படிப்பு இல்லை. தமிழில் நாம் ஆங்கிலச் சொற்களைப் பயன்படுத்தும் விதம்தான்!

எல்லாம் ‘பண்ணு’ செய்த வேலை

‘போன் பண்ணு’, ‘டிசைட் பண்ணு’, ‘செலக்‌ஷன் பண்ணு’, ‘அட்வைஸ் பண்ணாதே’... எந்த ஆங்கிலச் சொல் வந்தாலும் பக்கத்தில் ‘பண்ணு’ என்று ஒரு சொல்லை உட்காரவைத்து விடுகிறோம். வந்த சொல் பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்று தமிழ் கேட்பதே இல்லை. வினையின் வேலையை ‘பண்ணு’ பார்த்துக்கொள்கிறது. பேச்சில் இது ரொம்ப வசதி. ஆனால், ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது கூட வர ‘பண்ணு’ இல்லை. அங்கே அந்தச் சொல்லே பெயராகவும் வினையாகவும் வேலை பார்க்க வேண்டும். அட்வைஸ் அந்த இரண்டு வேலைக்கும் இரண்டு உருவம் வைத்திருக்கிறது.

அறிவுரை, ஆலோசனை என்கிற பெயர்ச்சொல்லுக்கு ஏ-டி-வி-ஐ-சி-இ. அறிவுரை சொல்வது என்கிற வினைச்சொல்லுக்கு ஏ-டி-வி-ஐ-எஸ்-இ. தமிழில் எழுதினால் இரண்டுமே ‘அட்வைஸ்’தான். அதனால், இந்தக் கட்டுரை முடியும்வரை ஒன்றை ‘சி அட்வைஸ்’ என்றும், இன்னொன்றை ‘எஸ் அட்வைஸ்’ என்றும் கூப்பிடுவோம்.

தொண்டையில் விரல் வையுங்கள்

எழுத்து மட்டுமல்ல, ஒலியும் வேறு. சி அட்வைஸின் முடிவில் வருவது ‘ஸ்ஸ்’ என்று காற்று சீறும் ஒலி. எஸ் அட்வைஸின் முடிவில் வருவது இசட் ஒலி, வண்டு ரீங்காரம் போல. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் ஒலிக்குத் தொண்டை சும்மா இருக்கும். இரண்டாவது ஒலிக்கு அதிரும்.

இசட் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. அதனால்தான் பொருளின் விலையையும் ‘பிரைஸ்’ என்கிறோம், போட்டியில் ஜெயித்து வாங்குவதையும் ‘பிரைஸ்’ என்கிறோம். அட்வைஸுக்கும் அதுவே நடந்தது. காதில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் கையும் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறது.

ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் அட்வைஸோடு நிற்பதில்லை. ‘புரூஃப்’ பெயர், ‘புரூவ்’ வினை. ‘பிலீஃப்’ பெயர், ‘பிலீவ்’ வினை. ‘லைஃப்’ பெயர், ‘லிவ்’ வினை. ‘யூஸ்’ என்ற சொல்லுக்கு எழுத்து ஒன்றுதான் என்றாலும், பெயராக வரும்போது சீறும், வினையாக வரும்போது ரீங்கரிக்கும். பெயரில் வல்லோசை, வினையில் மெல்லோசை. பழைய ஆங்கிலத்தில், ‘லிவ்’ போன்ற வினைகளின் இந்த மெய்யொலிக்குப் பின்னால் இன்னோர் உயிரொலியும் இருந்தது. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மெய், மென்மையாகிவிட்டது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அட்வைஸ் ஜோடியிலும் ஏறத்தாழ இதே கதைதான்.

இது நமக்குப் புதிதா என்ன? ‘பட்டம்’, ‘படம்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒரே ‘ட’தான். இரட்டிக்கும்போது வலிக்கிறது, உயிர்களுக்கு நடுவே தனியாக வரும்போது மெலிகிறது. யாரும் சொல்லித்தராமலே நாம் தினமும் செய்வதுதான் இது.

மறக்காமல் இருக்க ஒரு ‘ஐஸ்’

சி அட்வைஸின் கடைசி மூன்று எழுத்துகளை மட்டும் பாருங்கள்: ஐ-சி-இ. அதாவது ஐஸ்! ஐஸ் ஒரு பொருள். பொருளின் பெயர் பெயர்ச்சொல். எஸ் அட்வைஸின் கடைசி மூன்று எழுத்துகள் ஐ-எஸ்-இ. அதன் தொடக்கத்தில் ‘இஸ்’ இருக்கிறது. ‘இஸ்’ ஆங்கிலத்தில் வினைச்சொல். பெயருக்கு ஐஸ் வைக்கலாம், வினைக்கு வைக்கக் கூடாது. அவ்வளவுதான்!

அப்படியும் சந்தேகமா? அட்வைஸ் வரும் இடத்தில் ‘டெல்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘ப்ளீஸ் டெல் மீ’ சரியாக வருகிறது. எனவே அங்கே எஸ். ‘ஐ நீட் யுவர் டெல்’ உதைக்கிறது. எனவே அங்கே சி.

சி அட்வைஸை எண்ண முடியாது

பெயர்ச்சொல்லில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. தமிழில் ‘ஒரு அட்வைஸ் சொல்றேன்’ என்போம். ‘அறிவுரைகள்’ என்று பன்மையும் உண்டு. ஆங்கிலத்தில் சி அட்வைஸ், தண்ணீரைப் போல எண்ண முடியாத சொல். முன்னால் ‘ஆன்’ சேர்த்து ஒருமையாக்கக் கூடாது, பின்னால் எஸ் சேர்த்துப் பன்மையாக்கவும் கூடாது. தண்ணீரை ‘ஒரு டம்ளர்’ என்று அளப்பது மாதிரி, ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்று அளந்துதான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்ல ‘சம் அட்வைஸ்’ போதும். இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் ஆகியவையும் இதே ரகம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ‘பேமென்ட் அட்வைஸ்’, ‘கிரெடிட் அட்வைஸ்’ என்று வங்கிகளும் நிறுவனங்களும் அனுப்பும் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அட்வைஸ் என்றால் அறிவுரை இல்லை, பணம் அனுப்பியதற்கோ வரவு வைத்ததற்கோ தரும் அறிவிப்பு. அது எண்ணக்கூடிய சீட்டு என்பதால் அங்கே பன்மை வரலாம்.

‘எனக்கு’ செய்யும் குழப்பம்

எஸ் அட்வைஸிலும் தமிழ் நம்மைத் தடுக்கிவிடும் ஓர் இடம் உண்டு. ‘அவர் எனக்கு அட்வைஸ் பண்ணினார்’ என்கிறோம். நான்காம் வேற்றுமை ‘கு’ வந்துவிட்டதால், ஆங்கிலத்தில் ‘ஹி அட்வைஸ்ட் டு மீ’ என்று ‘டு’ போடத் தோன்றும். போடக் கூடாது. ‘ஹி அட்வைஸ்ட் மீ’ என்பதே சரி. என்ன செய்யச் சொன்னார் என்பதற்கு முன்னால்தான் ‘டு’ வரும்: ‘ஹி அட்வைஸ்ட் மீ டு வெயிட்’. செய்ய வேண்டாம் என்றாரா? ‘ஹி அட்வைஸ்ட் மீ நாட் டு கோ’.

ஆளுக்கு முன்னால் ‘டு’ வேண்டும் என்றால் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹி கேவ் அட்வைஸ் டு மீ’ என்று எழுதலாம். ‘ஹி கேவ் மீ அட்வைஸ்’ என்றால் இன்னும் இயல்பு. கவனிக்க, இங்கே இரண்டுமே சி அட்வைஸ்!

பர்ஸில் ஒரு சாட்சி

இதே சி, எஸ் விளையாட்டு இன்னும் சில சொற்களிலும் உண்டு. ‘டிவைஸ்’ சி-யோடு வந்தால் கருவி, எஸ்-ஸோடு வந்தால் திட்டம் தீட்டுவது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘பிராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ இரண்டுக்குமே பெயர் என்றால் சி, வினை என்றால் எஸ். உங்கள் டிரைவிங் லைசென்ஸை எடுத்து அந்தச் சொல்லின் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள். சி இருக்கும். அமெரிக்கர்கள் இந்த இரண்டு சொற்களில் மட்டும் வேறு வழி. பிராக்டிஸ் என்றால் எப்போதும் சி, லைசென்ஸ் என்றால் எப்போதும் எஸ். ஆனால், அட்வைஸ் விஷயத்தில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சண்டையே இல்லை. இரண்டு ஊரிலும் ஒரே விதி.

அப்பா கையெழுத்துப் போட்ட தாள்

‘இதெல்லாம் ஸ்பெல்லிங் சமாசாரம், இதற்கு இவ்வளவா?’ என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியதுண்டு, போன வருடம் வரை.

பெரியப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீட்டிலிருந்து தூரம், சாப்பாடு கொண்டுபோகச் சிரமம் என்பதால் பக்கத்து மருத்துவமனைக்கு மாற்றலாம் என்று முடிவெடுத்தார்கள். கிளம்பும்போது நீட்டிய தாளில் அப்பா கையெழுத்துப் போட்டார். “டாக்டர் அட்வைஸ்படிதான் போறோம்னு எழுதியிருக்காங்க” என்று எனக்குப் போனிலும் சொன்னார்.

புதிய மருத்துவமனையில் டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாள் அங்கேயே இருக்கணும்னு சொல்லியிருக்காங்களே, ஏன் கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டிருக்கிறார். சாயந்தரம் போய் நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ‘லெஃப்ட் எகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்’ என்று இருந்தது. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, தன் விருப்பத்தில் வெளியேறுகிறார் என்று அர்த்தம். மருத்துவமனைகளில் வழக்கமாக எழுதும் வாசகம்தான். அப்பாவின் கண் தெரிந்த சொல்லான அட்வைஸில் போய் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் இருந்த ‘எகெய்ன்ஸ்ட்’ தெரியவில்லை. “தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் இருந்திருப்போமேடா” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். நல்லவேளை, பெரியப்பா இப்போது நலம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். ஒரு தாளில் சி அட்வைஸ் இருந்தால், அதற்கு முன்னால் உள்ள சொல்லையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ‘ஆன் அட்வைஸ்’ என்றால் ஆலோசனைப்படி. ‘வித்அவுட் அட்வைஸ்’ என்றால் ஆலோசனை இல்லாமல். ‘எகெய்ன்ஸ்ட் அட்வைஸ்’ என்றால் ஆலோசனையை மீறி. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அட்வைஸ் ஆன் டிஸ்சார்ஜ்’ என்று தலைப்பு இருந்தால், வீட்டுக்குப் போனபின் கடைப்பிடிக்க வேண்டியவை அதன் கீழே இருக்கும். ‘அட்வைஸ்ட் ரெஸ்ட்’ என்றால் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் புரியவில்லையா? கையெழுத்துக்கு முன்னால் “இதுக்கு என்ன அர்த்தம் சிஸ்டர்?” என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

ஆபீஸ் மெயிலில்...

‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று எஸ் போட்டு எழுதினால், ‘என்ன செய்வதென்று தெரிவியுங்கள்’ என்று பொருள். தவறில்லை. ஆனால், மொட்டையாக அதை மட்டும் எழுதினால் சிலருக்கு அதட்டுவது போல இருக்கும், எதைக் கேட்கிறீர்கள் என்றும் புரியாது. ‘இதை எந்தப் பகுதியில் பதிவேற்ற வேண்டும்? நாளைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்’ என்று ஆங்கிலத்தில் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பதிலும் சீக்கிரம் வரும்.

குட்டி டெஸ்ட்!

கோடிட்ட இடத்தில் சி-யா, எஸ்-ஸா?

1. ஐ நீட் யுவர் ____.
2. கேன் யூ ____ மீ?
3. ஷி கேவ் மீ குட் ____.
4. டாக்டர்ஸ் ____ அஸ் டு வாக் டெய்லி.
5. தாங்க்ஸ் ஃபார் த ____.

விடைகள்: 1. சி, 2. எஸ், 3. சி, 4. எஸ், 5. சி. ஐந்துக்கு ஐந்தா? அப்படியென்றால், இனி தைரியமாக ‘சென்ட்’ பட்டனை அழுத்தலாம்.

போன வாரம், டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் குழு மெயிலில் ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று சி போட்டு அனுப்பியிருந்தார். நான் மெயிலில் எதுவும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போகும்போது தனியாக ஐஸ் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “என்னண்ணா, அட்வைஸ் பண்றீங்களா?” என்று சிரித்தார்.

“எஸ்!” என்றேன்.